வரைபடம் இருந்தும் வால்வு இல்லை

ஃபேர்சைல்ட் 670 என்ற பெட்டியின் எடை சுமார் 30 கிலோ. உள்ளே 20 வால்வுகள், பத்துக்கு மேற்பட்ட டிரான்ஸ்ஃபார்மர்கள். 1959-ல் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்த இந்தப் பெட்டி பாட்டைப் பதிவு செய்யாது, ஒலிபரப்பாது, தானாக ஒரு ஸ்வரத்தையும் எழுப்பாது. தன் வழியே போகும் ஒலி ஓர் அளவுக்கு மேல் உரத்தால் அதைத் தணித்து அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. இத்தகைய பெட்டிக்குக் கம்ப்ரசர் என்று பெயர். நல்ல நிலையில் உள்ள ஒரு பெட்டி இன்று கைமாறினால் விலை 30,000 டாலரைத் தாண்டுகிறது.

இத்தனைக்கும் அதன் சர்க்யூட் வரைபடத்தில் ரகசியம் எதுவும் இல்லை. பழுதுபார்ப்பவர்களுக்காக நிறுவனமே கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்தது. மின்னணுவியல் தெரிந்த எவரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். அப்படியிருந்தும் அதைப் போலவே இன்னொன்றைச் செய்வது பல பத்தாண்டுகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. வரைபடம் கைக்குக் கிடைத்தது. அதில் குறித்திருந்த பாகங்களைச் செய்துகொண்டிருந்த தொழிற்சாலைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன. ஒலிப்பதிவுக் கூடங்களுக்காகப் பழைய வால்வு கம்ப்ரசர்களை மறுபடி உருவாக்கும் தொழில் ஒரு வால்வையும், ஒரு சிறு விளக்கையும், செம்புக் கம்பிச் சுருள்களையும் தேடி அலைந்த தொழில்தான்.

கம்ப்ரசர் வருவதற்கு முன்பு அந்த வேலையைக் கை செய்தது. பாடகர் குரலை உயர்த்தப்போகிறார் என்று தெரிந்ததும் பொறியாளர் குமிழைச் சற்றே குறைப்பார், தாழ்ந்ததும் ஏற்றுவார். பாட்டை முன்பே அறிந்தவருக்கு இது கைவந்த கலை. எதிர்பாராத ஒரு தும்மலுக்கோ, மேடைப் பேச்சாளரின் திடீர்க் கத்தலுக்கோ கை எட்டாது. வானொலி நிலையங்களுக்கு இது வெறும் அழகியல் பிரச்சினையாக இருக்கவில்லை. ஒலி எல்லை மீறினால் ஒலிபரப்பு சிதைந்து பக்கத்து அலைவரிசையிலும் வழியும். அதற்குப் பயந்து எப்போதும் தணிவாகவே ஒலிபரப்பினால் தொலைவில் கேட்பவருக்கு இரைச்சல்தான் மிஞ்சும். 1937-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 110ஏ என்ற கருவியை வானொலி நிலையங்களுக்கு விற்கத் தொடங்கியது. உச்சங்களைத் தானாகவே தணிக்கும் கருவிகளில் பரவலாக விற்ற முதல் தலைமுறை அது.

இதே தொல்லையை வானொலிப் பெட்டி செய்தவர்கள் வேறு பக்கத்திலிருந்து ஏற்கெனவே சந்தித்திருந்தார்கள். பக்கத்து ஊர் நிலையம் காதைப் பிளக்கும், தூரத்து நிலையம் முனகும். 1925-ல் ஹரோல்ட் வீலர் என்ற இளம் அமெரிக்கப் பொறியாளர் வானொலிப் பெட்டி தன் உரப்பைத் தானே சரிசெய்துகொள்ளும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்குத் தோதான வால்வு 1930 வாக்கில் வந்தது. ஸ்டூவர்ட் பாலன்டைன், ஹெச். ஏ. ஸ்னோ என்ற இருவர் அதை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள்.

வால்வுக்குள் எலெக்ட்ரான்களை உமிழும் கேதோடைச் சுற்றி நுண்ணிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. அதன் பெயர் கிரிட். சாதாரண வால்வில் சுற்றுகளுக்கு நடுவே ஒரே சீரான இடைவெளி இருக்கும். கிரிட்டின் மின்னழுத்தத்தை எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் இறக்கினால் மின்னோட்டம் பட்டென்று நின்றுவிடும். புதிய வால்வில் சுருளைச் சில இடங்களில் நெருக்கமாகவும் சில இடங்களில் அகலமாகவும் சுற்றினார்கள். நெருக்கமான பகுதி முதலில் அடைபடும், அகலமான பகுதி கடைசி வரை கொஞ்சம் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஒலியைப் பெருக்கும் அளவைப் படிப்படியாக, பிசிறில்லாமல் குறைக்க முடிந்தது. பெருக்கும் அளவுக்கு மியூ என்று குறியீடு. இந்த வகை வால்வுக்கு வேரியபிள் மியூ என்றே பெயர் நிலைத்தது. நம் வீடுகளின் வால்வு ரேடியோவில் இலங்கை வானொலி சிற்றலையில் ஏறி இறங்கி வந்தபோது, அந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு சமன்செய்து தந்ததும் இந்த இனத்து வால்வுகளே.

வானொலி அலையைத் தணிக்கும் வால்வு இசையையும் தணிக்குமே என்ற யோசனையிலிருந்து பிறந்தவைதான் ஆல்டெக் 436, கேட்ஸ் ஸ்டா-லெவல் போன்ற 1950-களின் கம்ப்ரசர்கள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒலியைத் தணிக்கச் சொல்லும் கட்டளையும் அதே வால்வுக்குள்தான் நுழைகிறது. கட்டளை சட்டென்று வந்தால் அதுவே ‘தொப்’பென்று ஒலியோடு கலந்து கேட்கும். தப்பிக்க ஒரு வழி: வால்வுகளை எதிரெதிர் ஜோடியாகப் பொருத்துவது. இரண்டிலும் நுழையும் கட்டளை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், இசை மட்டும் வெளியே வரும். ஆனால் ஜோடி துல்லியமாகப் பொருந்த வேண்டும். இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்ததெல்லாம் எளிதில் புரியும்.

ஃபேர்சைல்டை வடிவமைத்தவர் ரெயின் நார்மா. எஸ்டோனியாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நூரம்பெர்க் விசாரணைகளின் ஒலிப்பதிவுப் பணியில் இருந்து, பிறகு அமெரிக்காவில் குடியேறியவர். கிடார் கலைஞர் லெஸ் பாலுக்கு ஒலிக்கலவை மேசை கட்டிக்கொடுத்தவரும் இவரே. கம்ப்ரசரின் முதல் பத்துப் பெட்டிகளை நார்மா தாமே செய்தார். முதலாவது ஜாஸ் பதிவுகளுக்குப் பேர்போன ரூடி வான் கெல்டரிடம் போயிற்று, மூன்றாவது லெஸ் பாலுக்கும் பாடகி மேரி ஃபோர்டுக்கும். வடிவமைப்பைப் பெற்றுக்கொண்டு நார்மாவைத் தலைமைப் பொறியாளராகவும் அமர்த்தியவர் ஷெர்மன் ஃபேர்சைல்ட். வான்வழிப் புகைப்படக் கருவியும் விமானமும் செய்து பெரும்பணம் சேர்த்த அவருக்கு இசைத்தட்டு என்றால் கொள்ளை ஆசை.

நார்மாவின் கருவி பாடகருக்காக உருவானதென்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வாடிக்கையாளர் இசைத்தட்டு வெட்டும் இயந்திரம். வெட்டும் ஊசியை ஆட்டும் சுருளுக்குள் திடீரென்று பெரிய அலை பாய்ந்தால் சுருள் கருகிவிடக்கூடும். கருகாவிட்டாலும், பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கலாம். ஸ்டீரியோ தட்டு வந்த பிறகு இன்னொரு கவலையும் சேர்ந்தது. அதில் இரு பக்க ஒலிகளுக்கும் பொதுவானது ஊசியைப் பக்கவாட்டில் ஆட்டும், வேறுபடுவது மேலும் கீழுமாக ஆட்டும். மேல்கீழ் ஆட்டம் மிஞ்சினால் வாங்கியவர் வீட்டில் ஊசி துள்ளிக் குதிக்கும். அதனால் 670-ல் இடது, வலது என்று தணிப்பதோடு, பக்கவாட்டு ஆட்டத்தையும் மேல்கீழ் ஆட்டத்தையும் தனித்தனியே தணிக்க ஒரு சுவிட்சும் வைத்தார் நார்மா.

வேகம்தான் அதன் பெருமை. உச்சம் வந்ததும் ஒரு நொடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பெட்டி பிடித்துவிடும். அதற்காகக் கட்டளை அனுப்பும் பகுதியில், ஓர் ஒலிபெருக்கியையே ஓட்டக்கூடிய வலுவுள்ள பெருக்கியைப் பொருத்தியிருந்தார். விடுவிப்பது நிதானமாக நடக்கும்: அதற்கு ஆறு நிலைகள். கடைசி இரண்டும் பாட்டைப் பார்த்து நடந்துகொள்ளும். ஆறாவதில், தனியாக வந்த உச்சத்தை 0.3 நொடியில் மன்னித்துவிடும். உரப்பு தொடர்ந்தால் பிடியைத் தளர்த்த 25 நொடி வரை எடுத்துக்கொள்ளும். தணிக்கும் வேலையைச் செய்தவை ஜெனரல் எலெக்ட்ரிக் தயாரித்த 6386 என்ற இரட்டை வால்வுகள், ஒரு பக்கத்துக்கு நான்கு வீதம் எட்டு. 6386 இசைக்காக உருவானதல்ல, வானொலி அலைகளைக் கையாளும் கருவிகளுக்கானது.

லண்டனில் இஎம்ஐயின் ஆபி ரோடு கூடம் இதன் ஒற்றைப் பக்க வடிவமான 660-ஐ வாங்கியது. 1966-ல் பீட்டில்ஸ் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டைப் பதிவு செய்தபோது, இருபது வயதே ஆன பொறியாளர் ஜெஃப் எமெரிக் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் ஒலியை 660-க்குள் அளவுக்கு மீறித் திணித்தார். அடி விழுந்ததும் பெட்டி அமுக்கும். விட்டதும் அறையின் எதிரொலி பொங்கி மேலே வரும். இசைத்தட்டைக் காக்க வந்த காவல்காரனை வாத்தியமாகவே வாசித்துவிட்டார் அவர். கம்ப்ரசரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பத்தைச் சொல்வது கடினம். அன்று முதல் கருவி எவ்வளவு குறைவாகக் காதில் படுகிறது என்பது அதன் தரத்துக்கான ஒரே அளவுகோலாக இல்லை.

அதே கூடத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அமெரிக்காவிலிருந்து தருவித்த ஆல்டெக் 436-ஐ அப்படியே ஏற்க இஎம்ஐ பொறியாளர்களுக்கு மனமில்லை. பிரித்து, உள்ளே பல மாற்றங்கள் செய்து, ஆர்எஸ்124 என்று தங்கள் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிடார் இதன் வழியாகப் பலமுறை போயிருக்கிறது. அன்று வெளிச் சந்தைக்கு அது வரவே இல்லை.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிஃபோர்னியாவின் பாசடீனாவில், ஜேம்ஸ் லாரன்ஸ் வேறு பாதையில் போனார். வால்வின் கிரிட்டைச் சீண்டாமல், ஒலியை வெளிச்சமாக்கினார். ஒலி உரக்கும்போது ஒரு மின்னொளித் தகடு பிரகாசிக்கும். எதிரே இருக்கும் காட்மியம் சல்பைடு ஒளியுணரி அந்த வெளிச்சத்தில் தன் மின்தடையைக் குறைத்து, ஒலியின் ஒரு பங்கை வடித்துவிடும். தகடும் உணரியும் அடங்கிய சிறு டப்பாவுக்கு டி4 என்று பெயர். கருவி, டெலட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ. 1960-களின் தொடக்கத்தில் வந்த அதில் முக்கியமான குமிழ்கள் இரண்டே: எவ்வளவு தணிக்க, எவ்வளவு ஏற்ற. நான்கு வால்வுகள் பெருக்கும் வேலையையும் தகட்டை எரியவிடும் வேலையையும் பார்த்துக்கொள்ளும்.

ஒளியுணரிக்கு நினைவு உண்டு. வெளிச்சம் அணைந்ததும் பாதி வழியை 60 மில்லிநொடியில் திரும்பிவிடும். மீதிக்கு அரை நொடியும் ஆகலாம், ஐந்து நொடியும் ஆகலாம். எவ்வளவு நேரம், எவ்வளவு பிரகாசமாக வெளிச்சம் பட்டது என்பதைப் பொறுத்தது. பாடகரின் குரலுக்கு இந்தத் தயக்கம் அபாரமாகப் பொருந்திப்போயிற்று. இதை லாரன்ஸ் கணக்குப் போட்டு அமைத்தார் என்பதைவிட, அந்த வேதிப்பொருளின் குணம் அவருக்கு வாய்த்தது என்பதே பொருத்தம்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1967-ல் ஒலிப்பதிவுப் பொறியாளர் பில் புட்னம் வெளியிட்ட 1176 என்ற கம்ப்ரசர் அளவில் சிறியது, சூடாகாதது, 670-ஐவிடவும் வேகமானது. டெலட்ரானிக்ஸும் புட்னமின் நிறுவனத்துக்குக் கைமாறி, எல்ஏ-2ஏ 1969 வாக்கில் நின்றது. ஃபேர்சைல்டின் வால்வுப் பெட்டிகளும் நின்றன. இதில் ஒரு வேடிக்கை: 1957-ல் எட்டு இளம் விஞ்ஞானிகள் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்துக்கு மூலதனம் வந்தது இதே ஷெர்மன் ஃபேர்சைல்டின் புகைப்படக் கருவி நிறுவனத்திலிருந்துதான். வால்வு கம்ப்ரசரின் உச்சத்தையும் வால்வுக்கு முடிவு கட்டிய சிலிக்கானையும் ஒரே முதலாளியின் பணம் வளர்த்தது.

வால்வுக் கருவிகளைக் கூடங்கள் கிட்டங்கியில் போட்டன, கேட்டவருக்குக் கொடுத்தன, சில குப்பைக்கே போயின. 1982-ல் காம்பாக்ட் டிஸ்க் சந்தைக்கு வந்தது. டிஜிட்டல் பதிவு பரவியது. இரைச்சல் போயிற்று, கூடவே பொறியாளர்களுக்குப் பழகிப்போன ஒரு மென்மையும் போயிற்று. வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒலியில் சேர்க்கும் சிறு சிதைவுகளைத் தொழில்நுட்ப நூல்கள் குறையென்றே எழுதிவைத்திருந்தன. இப்போது அதே குறையைத் தேடிப் பழைய சாமான் கடைகளுக்குப் போனார்கள். விலை ஏறியது. ஏறிய விலையைப் பார்த்துத்தான் மறுஉருவாக்கம் என்ற தொழிலே பிறந்தது.

டென்மார்க்கின் டியூப்-டெக் 1980-களிலேயே வால்வையும் ஒளியுணரியையும் இணைத்த கம்ப்ரசரைக் கொண்டுவந்தது. அதன் வழித்தோன்றலான சிஎல் 1பி இன்றும் பாடகர் குரலுக்கென்று பல கூடங்களில் நிற்கிறது. அது நகலல்ல, உறவுக்காரன். நேரடி வாரிசு என்று சொல்லிக்கொள்ளத் தகுந்தவர்கள் புட்னமின் மகன்கள். 1999-ல் தந்தையின் யூனிவர்சல் ஆடியோ நிறுவனத்தை மறுபடி தொடங்கி, 1176-ஐயும் எல்ஏ-2ஏ-வையும் திரும்பச் செய்தார்கள்.

எல்ஏ-2ஏ-வின் வால்வுகளில் பெரிய சிக்கல் இல்லை. அதிலுள்ள 12ஏஎக்ஸ்7 கிடார் பெருக்கிகளின் தயவில் இன்றும் லட்சக்கணக்கில் உற்பத்தியாகிறது. இடறியது டி4 டப்பா. மின்னொளித் தகட்டின் பாஸ்பர் பூச்சு எரிய எரிய மங்கும். நாற்பது ஆண்டுகள் ஓடிய பெட்டியின் வெளிச்சம் புதிய பெட்டியின் வெளிச்சம் அல்ல. ஒளியுணரிகளும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஆகவே பழைய எல்ஏ-2ஏ இரண்டை அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் வேறு வேறு விதமாகப் பிடித்துத் தளர்த்தும். எதை நகலெடுப்பது? தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளின் பெட்டியையா, பொறியாளர்கள் காதலிக்கும் மங்கிய பெட்டியையா? ‘அசல் போலவே’ என்று விளம்பரம் செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் இந்தக் கேள்விக்கு ஓசைப்படாமல் ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

ஃபேர்சைல்டின் சிக்கல் இன்னும் முரட்டுத்தனமானது. 6386 உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. கிட்டங்கிகளில் மிஞ்சியவற்றின் விலை விஷம்போல் ஏறியது. அதிலும் பெட்டிக்கு எட்டு வேண்டும், எட்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கலிஃபோர்னியாவின் மேன்லி நிறுவனம் தன் வேரியபிள் மியூ கம்ப்ரசரை 6386-ஐ வைத்தே தொடங்கி, தட்டுப்பாடு வந்ததும் 5670 என்ற வால்வுக்கு மாறியது. பின்னாளில் 6பிஏ6 வால்வுகளைப் பொருத்தவும் வழி செய்தது. 6பிஏ6, வேரியபிள் மியூ இனத்துப் பழைய வானொலி வால்வு. மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தது. அசலைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் கைக்குக் கிடைப்பதைக் கொண்டு கட்டிய மேன்லியின் கருவி, தனக்கென்று ஒரு குரல் கொண்ட கருவியாகவே நிலைத்தது.

தடை உடைந்தது ஸ்லோவாக்கியாவில். அதன் வடமேற்கில் சாட்சா என்ற சிற்றூரில், செக்கோஸ்லோவாக்கியா காலத்து டெஸ்லா வால்வுத் தொழிலின் வழியில் 1990-களில் தொடங்கிய ஜேஜே எலெக்ட்ரானிக், 6386-ஐப் புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. கிடார் பெருக்கிக்காரர்களுக்கு இந்த வால்வு தேவையில்லை, வீட்டு ஆடியோ ரசிகர்களுக்கும் பெரிதாகப் பயனில்லை. வாங்கக்கூடியவர்கள் பழைய பெட்டி வைத்திருப்பவர்களும் புதிய பெட்டி செய்பவர்களும் மட்டுமே. இவ்வளவு குறுகிய சந்தைக்காக ஒரு வால்வை உயிர்ப்பிக்கத் துணிந்த தொழிற்சாலை இருந்ததால்தான் ஸ்பெயினின் ஹெரிடேஜ் ஆடியோ போன்றவை ஃபேர்சைல்ட் வழிப் பெட்டிகளைப் பட்டியலில் போட்டு விற்க முடிந்தது.

டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எல்ஏ-2ஏ-வின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் இருந்தவை யூடிசி நிறுவனத்தின் சுருள்கள். இரும்புத் தகட்டின் கலவை, சுற்றின் வரிசை, இடையில் வைக்கும் காகிதம் என்று எது மாறினாலும் தாழ்ந்த ஒலிகளின் பருமன் மாறும். பழைய டிரான்ஸ்ஃபார்மரை அறுத்துப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, அதே வரிசையில் திரும்பச் சுற்றும் கைத்திறன்காரர்கள் இத்தொழிலின் முகம் தெரியாத பங்காளிகள். டெக்சஸின் வார்ம் ஆடியோ ஆயிரம் டாலருக்குள் ஓர் எல்ஏ-2ஏ நகலைக் கொடுத்தபோது, அதில் சினிமேக் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்பதையே முன்னிறுத்தி விளம்பரம் செய்தது. அதைவிடவும் மலிவாக கிளார்க் டெக்னிக் பெயரில் கேடி-2ஏ சில நூறு டாலருக்கு வந்தது. மென்பொருள் வடிவங்கள் இன்னும் மலிவு. இன்று பெட்டியைத் தொட்டே பார்க்காத பெரும்பாலோருக்கு ஃபேர்சைல்ட் என்றால் கணினித் திரையில் தெரியும் ஒரு படம்தான்.

பாகங்கள் கிடைத்தாலும் நிம்மதியில்லை. காட்மியம் நச்சுப்பொருள். ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுச் சாதனங்களில் அதைக் கட்டுப்படுத்தியபோது, தொழில்முறை ஒலிக்கருவிகளின் ஒளியுணரிகளுக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தது. அந்த விலக்கு 2013 டிசம்பர் 31-ல் முடிந்தது. லாரன்ஸுக்கு வாய்த்த அந்தத் தயக்கம் எந்த வேதிப்பொருளில் இருந்ததோ, அதுவே ஐரோப்பியச் சந்தையில் புதிய கருவிக்குள் வைக்கக் கூடாத பொருளாயிற்று. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிகளைத் தடுத்தபோது சரத்தோவ் நகரத்து வால்வுகள் வராமல் போகுமோ என்று கிடார்க்காரர்களோடு ஒலிப்பதிவுக் கூடங்களும் பதறின. உலகத்தின் வால்வுத் தேவைக்கு ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே மிஞ்சியிருந்தன.

ஆர்எஸ்124-க்கு மட்டும் வேறு மாதிரியான வாழ்வு வந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சாண்ட்லர் லிமிடெட், ஆபி ரோடின் முறையான உரிமம் பெற்று அதைச் செய்து விற்கிறது. ஒரு கூடத்தின் சுவர்களுக்குள்ளேயே இருந்த கருவி அரை நூற்றாண்டு கழித்து யாரும் வாங்கக்கூடிய சரக்காயிற்று. சாண்ட்லர் அதில் அசலில் இல்லாத ‘சூப்பர்ஃபியூஸ்’ என்ற நிலையையும் சேர்த்தது. கலிஃபோர்னியாவில் இசைத் தயாரிப்பாளர் எரிக் வாலன்டைனும் பொறியாளர் லாரி ஜாஸ்பரும் நடத்தும் அண்டர்டோன் ஆடியோ இன்னும் ஒரு படி போயிற்று. 670-ஐ அடியொற்றிச் செய்த தங்கள் பெட்டியில் நார்மா வைக்காத கட்டுப்பாடுகளைச் சேர்த்து, அதற்கு ‘அன்ஃபேர்சைல்ட்’ என்று பெயர் வைத்தார்கள். இசைத்தட்டு வெட்டுபவருக்காக நார்மா வைத்த பக்கவாட்டு, மேல்கீழ் பிரிப்பு மட்டும் அதிலும் அப்படியே இருக்கிறது. இன்றைய பொறியாளர்கள் அதைக் கொண்டு நடுவில் நிற்கும் குரலை ஒரு விதமாகவும் இருபுறமும் விரியும் வாத்தியங்களை வேறு விதமாகவும் தணிக்கிறார்கள்.